எதிரே வந்த வண்டி

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் ரோட்டில், வாய்க்காலை ஒட்டிய கனால் திருப்பத்துக்கு மேற்கே மூன்று பனைகள் நெருங்கி நிற்கும். போலீஸ் ஜீப் நிற்பது அந்தப் பனைகளுக்குப் பின்னால்தான். பின்கதவைத் திறந்து வைத்து, முக்காலியில் வேகம் பிடிக்கும் மிஷினை ஏற்றிக் கிழக்கே திருப்பி வைத்திருப்பார்கள். கோவிந்தாபுரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பனைகள் தெரியும். ஜீப் தெரியாது.

ஆனால் ஜீப்பைத் தாண்டிக் கிழக்கே போகிற வண்டிக்காரர்கள் பார்த்துவிடுவார்கள். எதிரே வருகிற வண்டிக்கு இரண்டு தடவை லைட் அடித்துக் காட்டுவார்கள். முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். எதிரே வந்தவர் வேகத்தைக் குறைப்பார், பெல்ட்டை இழுத்து மாட்டுவார், அல்லது திரும்பிப் போவார். போவதற்கு முன்னால் ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். அது நன்றி. மலையாளத்துக்காரன், தமிழன், மாங்காய் லாரி, காலேஜ் பஸ் என்ற வித்தியாசமெல்லாம் அதில் இல்லை. முகம் தெரியாதவனுக்கு முகம் தெரியாதவன் செய்கிற உதவி. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கந்தப்பன் இருபது வருஷமாக அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறார். சொந்தமாக ஒரு குட்டி யானை, சின்ன சரக்கு வண்டி. மாங்காய்க் காலத்தில் மாங்காய், மற்ற நாளில் தேங்காய், காலையில் மட்டும் எப்போதும் பால். ஊர்ச் சங்கத்துப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் பாலைக் குளிரூட்டும் கூலருக்குக் கொண்டுபோய் இறக்குவார். கிழக்கே பார்த்து ஓட்டுவதால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். எதிரே வருகிற எதுவும் கறுப்பாகத்தான் தெரியும். உருவம் இருக்கும், முகம் இருக்காது.

போன மார்கழியில் ஒரு நாள் காலை அப்படித்தான் ஒரு பைக் வந்தது. இரண்டு பேர். தலையில் ஹெல்மெட் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. கந்தப்பன் லைட் அடித்தார். பைக் அவரைக் கடந்து போனது. சிவப்பு டேங்க். அவ்வளவுதான் பார்த்தார்.

பைக் ஜீப் வரைக்கும் போகவில்லை. கனால் திருப்பத்தில் இறங்கி, வாய்க்கால் கரை மண்பாதையில் போயிருக்கிறது. மதகுக்குப் பக்கத்தில் அந்த வாரம்தான் பஞ்சாயத்தில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பையன் அஜ்மல் தண்ணீரில் விழுந்தான், பிழைத்தான். ஓட்டியவன் மதகுச் சுவரில் விழுந்தான்.

கூலரில் கேனை இறக்கிக்கொண்டிருக்கும்போது கந்தப்பனுக்கு போன் வந்தது. பொள்ளாச்சியில் கூட்டாளி வீட்டு நிச்சயத்துக்குப் பஸ்ஸில் போன மகன் கௌசிக் பஸ்ஸில்தான் திரும்புவான் என்று நினைத்திருந்தார். திருப்பத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினார். முதலில் அவர் பார்த்தது சிவப்பு டேங்கை.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தம், ஒறம்பரைகள் எல்லாம் போன பிறகு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, லைட் அடிக்கிற ஸ்விட்சின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

*

பதினாறு கழிந்ததும் அவருடைய மனைவி சரஸ்வதி, காலையில் பால் வண்டியில் தானும் வருவதாகச் சொன்னாள்.

“நீ எதுக்கு புள்ள? குளுரு.”

“ஊட்டுல ஒத்தையா இருக்க முடியலீங்க.”

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருப்பாள். பின்னால் கேன்களின் மூடி தடதடவென்று ஆடும். கனால் திருப்பம் வரும்போது கந்தப்பன் வேகத்தைக் குறைத்துவிடுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். எதிரே வெயிலுக்குள்ளிருந்து இரண்டு பேர் உட்கார்ந்த பைக் எது வந்தாலும் அவர் கை ஸ்டியரிங்கில் இறுகும். கறுப்பாக வரும். பக்கத்தில் வந்ததும் ஒரு முகம் கிடைக்கும். வேறு யாருடைய முகமோ. தினமும் ஒரு நொடி, முகம் கிடைப்பதற்கு முன்னால், அது அவனாகவே இருக்கும்.

கூலரில் பாலை இறக்கிவிட்டு ரஸியாவின் டீக்கடைக்கு வருவார்கள். ரஸியா அஜ்மலின் அம்மா. அஜ்மல் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். கால் இன்னும் சரியாகவில்லை.

சரஸ்வதி அங்கேதான் கேட்க ஆரம்பித்தாள்.

அஜ்மல் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தான். “நான் போனப் பாத்துட்டு இருந்தேன்மா. எதுக்க வந்த வண்டியப் பாக்கல. ‘டேய், லைட் அடிச்சாங்கடா, முன்னாடி செக்கிங்’னு கௌசிக் சொன்னான். சொல்லிட்டே திருப்பிட்டான்.”

அன்றிலிருந்து டீ குடிக்க வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் அவள் கேட்டாள். மாங்காய் லாரிக்காரர், தண்ணி வண்டிக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பையன் வரைக்கும்.

“ஏனுங்கண்ணா, போன மார்கழியில எம்பையனுக்கு லைட் அடிச்சது நீங்களுங்களா?”

சண்டை பிடிக்கிற குரல் இல்லை அது. காணாமல் போன ஆட்டைக் கேட்கிற மாதிரி கேட்பாள். அவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “நானில்லீங்க அக்கா” என்பார்கள். சிலர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். கந்தப்பன் கடைக்கு வெளியே வண்டி டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் குரல் அவருக்குக் கேட்கும்.

அவரிடம் மட்டும் அவள் கேட்கவில்லை.

ஆடியில் வண்டியை டெஸ்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மெக்கானிக் சின்னமுத்து வயரைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டான். “எலி இழுத்துப்போட்டுதாட்ட இருக்குதுங்ணா” என்றான். டெஸ்ட் முடிந்து வந்த அன்று சாயந்திரமே கந்தப்பன் திரும்பவும் பிடுங்கினார். அந்த மாதமே வண்டியை மறுபடி பார்த்த சின்னமுத்து அந்த வயரைத்தான் முதலில் தேடினான். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

*

மறுபடி மார்கழி வந்தது. காற்றும் வந்தது. கணவாயிலிருந்து கிளம்புகிற காற்று, பகல் முழுக்கப் பனையோலையை உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் மனிதர்கள் கொஞ்சம் உரக்கப் பேசப் பழகியிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பனைகளைத் தாண்டும்போது சரஸ்வதி, “நிறுத்துங்க” என்றாள்.

“இங்கயா? போலீஸ் நிக்குது.”

“அதுக்குத்தானுங்க.”

இறங்கி ஜீப்பை நோக்கிப் போனாள். கந்தப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்றார்.

மிஷினோடு இருந்த போலீஸ்காரர் பெயர் ஜோஜோ. இடுக்கியில் ஆனைக்கரைக்காரர். ஏலத்தோட்டத்து ஆட்களோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவார், மலையாளம் கலந்து. சரஸ்வதியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“உக்காருங்க அம்மே. சாயா இருக்கு பிளாஸ்க்ல.”

“வேண்டாமுங்க. ஒண்ணு கேக்கோணும். அன்னைக்கு நீங்கதான் இருந்தீங்களா?”

“ஞான்தான் இருந்தேன்.”

“இந்த மிஷினு அவனப் பாத்துச்சுங்களா?”

ஜோஜோ மிஷினைப் பார்த்தார். ஒரு லாரி போனது. சின்னத் திரையில் எண்கள் ஏறி இறங்கின.

“இங்க வந்து பாருங்க அம்மே. அந்த வளைவு தெரியுதா? அதுக்கு அந்தப் பக்கம் வர்ற வண்டியும் இதுல தெரியும். தூரமா இருந்தாலும் தெரியும். இவங்க லைட் அடிக்கிறது நமக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாங்க. நமக்குத் தெரியும். எம்பது, எழுபத்தெட்டுன்னு வரும். திடீர்னு அம்பது, நாப்பது. ரோட்ல குழி இல்ல, மாடு இல்ல. ஒண்ணுமே இல்லாத எடத்துல ஆரோ கை நீட்டித் தடுத்த மாதிரி இருக்கும்.”

“அவன்?”

“ஒரு வண்டி வந்துச்சு. எம்பது காட்டிச்சு. பெறகு கொறஞ்சு கொறஞ்சு, அம்பத்திரெண்டு. அம்பத்திரெண்டோட நம்பர் போயிருச்சு. ஸ்கிரீன் வெறுமே இருந்துச்சு.” அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஞான் சிரிச்சேன் அம்மே. சார்கிட்ட சொன்னேன், ஒருத்தன் நம்மள ஏமாத்திட்டுப் போயிட்டான்னு. கொஞ்சம் கழிஞ்சுதான் நிலவிளி கேட்டுச்சு. நிலவிளின்னா... கத்துறது. அந்தப் பையன் தண்ணில நின்னுட்டுக் கத்துனான்.”

பனையோலை உரசியது. சரஸ்வதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்கூட்டர் வந்தது. முப்பத்தெட்டு.

“இப்பவும் வெறுமே இருக்கும்போது பாத்தா, அது வரும்னு தோணும்” என்றார் ஜோஜோ. “இடமாற்றம் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“அம்பத்திரெண்டுன்னா மெதுவாத்தானுங்களே?”

“மெதுவாத்தான் அம்மே. டார் ரோட்டுக்கு மெதுவாத்தான்.”

அவள் தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது கந்தப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

*

அன்றைக்கு ரஸியாவின் கடையில் கூட்டம். குளிருக்கு எல்லோரும் அடுப்புப் பக்கமே நின்றார்கள். டிப்பர் ஓட்டுகிற பூபதிராஜாவை மற்றவர்கள் சுற்றி வளைத்துக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். அவருக்கு அந்த மாதம் மட்டும் போனில் ஃபைன் மெசேஜ் மூன்று வந்திருந்தது.

“டிப்பர ஏரோப்பிளேன்னு நெனச்சுட்டாரு எங்க மாமா.”

“மெசேஜு மலையாளத்துல வருது. இவரு அத லாட்டரி அடிச்சுருக்குன்னு நெனச்சு ரஸியாக்காட்டப் படிக்கக் குடுத்தாரு. கேட்டுப் பாருங்க.”

“அடப் போங்கடா, சோலியப் பாத்துட்டு. மிஷினுக்குக் கண்ணு தெரியறதில்ல. என்ர டிப்பரு ஏத்தத்துல ஏறுறதுக்கே முக்குது, அதுபோயி எழுவத்தஞ்சுங்குது.”

“எறக்கத்துல நீங்க முக்கியிருப்பீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சரஸ்வதி உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றது. ஒருவர் கிளாஸைக் கழுவித் தானே வைத்தார். ரஸியா டீயைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இன்னைக்கு ஒண்ணும் கேக்க வேணாங்க்கா. டீயக் குடிங்க.”

“கேக்கலடி” என்றாள் சரஸ்வதி.

ஆனால் பூபதிராஜா எழுந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

“அம்மணி, ஒரு வருசமாக் கேட்டுட்டு இருக்கற. எத்தன நாளைக்குத்தான் நீ இப்பிடி ஒவ்வொருத்தன் மூஞ்சியாப் பாத்துட்டு இருப்ப? நான்தான் அடிச்சேன்.”

அஜ்மல் கல்லாவிலிருந்து பாதி எழுந்தான். வெளியே வண்டிப் பக்கத்தில் நின்ற கந்தப்பனின் கால் டயரிலேயே இருந்தது.

“நீங்களுங்களாண்ணா?”

“நான்தான். ஜீப்பு நிக்குது, பாவம் பசங்க மாட்டிக்குவாங்கன்னு அடிச்சேன். கெடுதல் நெனச்சு அடிக்கல சாமி. என்னைய என்ன வேணாலும் சொல்லிக்க.”

“ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க லைட் அடிச்சதும் அவன் என்ன பண்ணினான்?”

பூபதிராஜா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. துண்டை இன்னொரு சுற்று சுற்றினார்.

“என்ன பண்ணினான்னா... சிரிச்சான். ஹெல்மெட்டுக்குள்ள சிரிக்கறது தெரிஞ்சுது. நல்ல பையன்.”

சரஸ்வதி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். கௌசிக்கின் ஹெல்மெட் இப்போதும் வீட்டில் ஆணியில்தான் தொங்குகிறது. பஸ்ஸில் போகிறவனுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டுப் போனான். படிந்த தூசியைத் துடைத்து அவள்தான் தினமும் திரும்ப மாட்டுகிறாள்.

அவள் பூபதிராஜாவின் கையைத் தொட்டாள். “உங்க நல்ல மனசுக்குச் சொன்னீங்கண்ணா. அது போதுமுங்க.”

அவர் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். கூட இருந்தவர்கள் என்ன நடந்தது என்று புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வெளியே வந்தபோது கந்தப்பன் வண்டியில் ஏறியிருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

*

மறுநாள் காலை பால் கொஞ்சம் தாமதம். சங்கத்தில் கேன்களை ஏற்றும்போது வெயில் வந்துவிட்டது. பனைகளுக்குப் பின்னால் ஜீப் நின்றது. ஜோஜோ இவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

கனால் திருப்பத்தில் கந்தப்பன் வண்டியை ஓரம் கட்டினார். இஞ்சினை அணைத்தார்.

“பாலு நேரமாகுதுங்களே.”

“ஆகட்டும்.”

வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். மதகில் மோதித் திரும்புகிற சத்தம் கேட்டது. யாரோ மதகுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கந்தப்பன் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். கண்ணாடி முழுக்க வெயில்.

“பூபதியண்ணன் இல்ல சரசு.”

“ம்.”

“நான்தான் அடிச்சேன்.”

அவள் சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“வெயிலு மூஞ்சில. அவன்னு தெரியல. அஜ்மல் புதுசா வண்டி எடுத்திருக்கறதும் எனக்குத் தெரியாது. யாரோ ரெண்டு பசங்கன்னு... எம்பையனுக்கு நானே...”

அவரால் முடிக்க முடியவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு, “தெரியுமுங்க” என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“ஆடியில சின்னமுத்து சொன்னான். ‘அண்ணன் எதுக்குங்க்கா லைட்டு வயர மறுக்கா மறுக்காப் புடுங்கறாரு’ன்னு கேட்டான். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா ஊர்ல எல்லார்த்தையும் கேட்ட?”

“உங்க காதுல விழோணும்னுதான் கேட்டேன்.”

“என்னையவே கேட்டிருக்கலாமே புள்ள.”

“கேட்டு, நீங்க ‘நானில்ல’ன்னு சொல்லியிருந்தீங்கன்னா?” அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. “அப்பறம் உங்ககூட நான் எப்பிடிங்க இருக்கறது? ஒரே ஊட்டுல?”

ஒரு மாங்காய் லாரி காலியாகக் கடந்து போனது. வண்டி ஒரு தடவை ஆடி நின்றது.

“என்னைய நீ வெறுத்தாலும்...”

“அதெல்லாம் எனக்கு இன்னும் தெரியலீங்க. சில நாளு வெறுப்பாத்தான் வருது. சோறு போடும்போது வருது.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அது கெடக்கட்டும். நான் கேக்கோணும்னு இருந்தது ஒண்ணுதான். கடைசியா அவனப் பாத்த ஆளு நீங்க. லைட் அடிச்சதும் அவன் என்ன பண்ணினான்?”

கந்தப்பன் ஒரு வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. கண்ணை மூடினால் வருவது அதுதான், லைட் அல்ல.

“கையத் தூக்கினான்” என்றார்.

“கையவா?”

“எல்லாரும் தூக்குவாங்கள்ல. அப்பிடி. அவனுக்கும் என்னையத் தெரியல போல. வண்டியப் பாக்காம லைட்ட மட்டும் பாத்திருப்பான். யாரோ ஒரு டிரைவருக்குத் தூக்கற மாதிரி தூக்கிக் காமிச்சான்.”

“எந்தக் கை?”

“எடது கை.”

“எப்பிடி? காட்டுங்க.”

அவர் ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்தார். முழுதாகத் தூக்கவில்லை. தோள் உயரத்துக்கு, விரல்கள் பிரிந்து, உள்ளங்கை முன்னால் பார்த்து. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் விரலாகப் பார்த்தாள். பிறகு மெல்லப் பிடித்துக் கீழே இறக்கி, ஸ்டியரிங்கில் வைத்தாள்.

“போலாமுங்க. பாலு திரிஞ்சுரும்.”

இஞ்சின் இரண்டாவது முயற்சியில்தான் பிடித்தது. வண்டி நகர்ந்தது. திருப்பத்தைத் தாண்டியதும் ரோடு நேராக, கண் கூசுகிற வெளிச்சத்துக்குள் போனது. கேன்கள் தடதடத்தன. கந்தப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

தூரத்தில் கறுப்பாக ஒன்று வந்தது. லாரியா வேனா என்று தெரியவில்லை. அதன் லைட் ஒரு தடவை மின்னியது. இன்னொரு தடவை மின்னியது. செக்போஸ்ட் பக்கமும் இன்றைக்கு யாரோ நிற்கிறார்கள் போல.

கந்தப்பனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. அசையவில்லை.

சரஸ்வதி சால்வையை விலக்கி இடது கையை வெளியே எடுத்தாள். தோள் உயரத்துக்குத் தூக்கினாள். விரல்கள் பிரிந்து, உள்ளங்கை முன்னால் பார்த்து. அந்த வண்டி கடந்து போய், அதன் சத்தம் முழுதாக ஓயும் வரைக்கும் அவள் கையை இறக்கவில்லை.